வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட யார் வரப்போகிறீர்கள்?

பிட்ஸ்பர்க்கில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் வால்ட் ஹுடாக். "இது பஸ்ஸா, நத்தையா?" என்று பின்னாலிருந்து யாராவது கத்தினால், கண்ணாடியில் கத்தினவர் முகத்தைத் தேடிப் பார்த்து, "பஸ்ஸுதாங்க, மேட்டுக்குப் போகுது" என்று பணிவாகச் சொல்வார். கிண்டல் கிடையாது. கேட்டார்கள், சொன்னார். உலகத்தில் கேள்வி என்று ஒன்று இருப்பதே பதில் தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளத்தான் என்று அந்த மனுஷர் நினைத்துக்கொண்டிருந்தார். பாவம், அதுவரை இணையம் பக்கம் போகாதவர்.

அப்பேர்ப்பட்டவர் மேல் ஒரு வழக்கு வந்தது, கண்ணுகளா. பதிலே வேண்டாமல் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டார் என்று வழக்கு.

அவர் குடியிருந்த கோப்லர் மேட்டில் புனித ஸிதா கத்தோலிக்கக் கோயில் இருக்கிறதே, அதன் கீழ்த்தளத்தில் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமைதோறும் மீன் சாப்பாடு நடக்கும். சுத்தபோசன நாள், இறைச்சி ஆகாது. அதனால் மேடு மொத்தமும் அங்கே வரும். பூசைக்கு வருகிறவர்கள், வராதவர்கள், சாமியே இல்லை என்கிறவர்கள் எல்லாருக்கும் அன்றைக்கு ஒரே வரிசை. ரொட்டிக்கு நடுவே வைத்த மீன் ரெண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் கொழுக்கட்டை போல மடித்து வெண்ணெயில் வதக்கிய பியரோகி. அந்த வருஷம் அடுப்பங்கரைப் பொறுப்பு வால்ட் கைக்கு வந்திருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 'வால்ட் இன்னும் வரலையா?' என்று நாலு பேர் தேடுகிற நாள் வாரத்தில் அது ஒன்றுதான். அதைத் தவிர மற்ற நாட்களில் அவரைத் தேடுவது தபால்காரர் மட்டும். அவரும் வாசல் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஆனால் முதல் ரெண்டு வெள்ளியும் பனி கொட்டிவிட்டது. வாங்கின மீனில் பாதி குப்பைக்குப் போனது. திங்கட்கிழமை ஃபாதர் ப்ரெண்டன் அடுப்பங்கரைக்கே இறங்கி வந்தார்.

"வால்ட்டு, தவக்காலத்துல சோத்தைக் குப்பையில கொட்டிட்டு நான் என்னன்னு பிரசங்கம் வைக்கிறது?"

வால்ட் யோசித்தார். "நோன்பைப் பத்தி வைக்கலாம் ஃபாதர்."

ஃபாதர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். "இந்த வெள்ளியும் மிச்சமாச்சுன்னா இந்த வருஷத்துக்கு அடுப்பை அணைச்சிடலாம். சரிதானே?"

"சரியில்லைங்க ஃபாதர்," என்றார் வால்ட்.

பியரோகி மாவு பிசைந்துகொண்டிருந்த ஜோசி பெத்ரில்லா, ஃபாதர் படியேறும்வரை வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். அது அவளுக்குப் பெரிய காரியம்.

"என்னய்யா நீ, அவரு ஒரு பேச்சுக்குக் கேட்டா நீ பதில் சொல்றே! சரி விடு. மீன்காரன் லென்னிக்கு எப்ப சொல்லணும்?"

"வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள. கூடுதலாச் சொன்னா குப்பை, கொறச்சுச் சொன்னா வந்தவங்களைத் திருப்பி அனுப்பணும். திருப்பி அனுப்பினா மறுபடி வருவாங்களா?"

"அப்ப எத்தனை பேர் வர்றாங்கன்னு ஊரையே கேட்டுடு. அந்தக் குழுமத்துல ஒரு போஸ்ட் போடு. மேடு பூரா அதுலதானே குடியிருக்கு."

அந்தக் குழுமத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் இருக்கிறது, கோப்லர் மேட்டு அக்கம்பக்கத்தார் குழுமம் என்று பேர். காணாமல் போன ஒரு பூனையைத் தேடுவதற்காக ஆரம்பித்தது. பூனை அன்று சாயங்காலமே தானாக வீட்டுக்கு வந்துவிட்டது. குழுமம் மட்டும் கலையவில்லை. ஆள் சேரச் சேர நெறியாளர்கள் வந்தார்கள், நெறியாளர்கள் வந்ததால் விதிகள் வந்தன, விதிகள் இருப்பதால் மீறல்களும் வந்தன. ஒரு தடவை யாரோ கோபத்தில், "குப்பைத் தொட்டியை நேரத்தோட உள்ள எடுத்து வைக்க உங்களுக்கு என்ன கேடு?" என்று எழுதப்போக, ஒரு அம்மாள் தனக்கு என்னென்ன கேடு என்று முழங்காலில் தொடங்கி மேலே மேலே எழுதிக்கொண்டு போனாள். கேட்டவர் அவமானப்பட்டார், சொன்னவள் அழுதாள், நடுவில் புகுந்தவர்கள் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊர் போனார்கள். அதற்குப் பிறகு போட்டதுதான் அந்த விதி: பதிலை எதிர்பார்க்காத கேள்விக்குப் பதில் சொல்வது குற்றம். எது எந்த வகைக் கேள்வி என்று சந்தேகம் வந்தால், நெறியாளர் சபை தீர்மானிக்கும்வரை அந்தக் கேள்விக்குப் பூட்டு.

இதெல்லாம் வால்ட்டுக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை காலையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டினார்: "இந்தப் பனியில் வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட யார் வரப்போகிறீர்கள்?"

தட்டிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போனார். ஒரு மூட்டையை முடித்துவிட்டு வந்து பார்த்தால், அடேயப்பா, பதில் மேல் பதில். மகிழ்ச்சியோடு படிக்க உட்கார்ந்தார்.

"கரெக்டாச் சொன்னீங்க. இந்தப் பனியில எவன் வருவான்?"

"என்ன திமிரு! நாலு தலைமுறையா நடக்குற சாப்பாடு. வராதீங்கன்னு மூஞ்சில அடிச்சாப்ல சொல்றாரு பாருங்க."

"அவரு சும்மா கேக்குறாருங்க. எத்தனை பேருன்னு தெரிய வேணாமா?"

"உங்களுக்கு நக்கல் புரியாதுன்னா அது உங்க பிரச்சினை."

"எனக்கா புரியாது? எனக்கா?"

"இதுக்குப் பதில் சொல்லலாமா, இல்ல இதுவும் அந்த மாதிரியா?"

வால்ட் திரும்பத் திரும்ப மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தார். வருகிறேன் என்றும் ஒருவரும் எழுதவில்லை, வரவில்லை என்றும் எழுதவில்லை. ஆக, தானே விளக்கிவிடலாம் என்று, "நான் நிஜமாகத்தான் கேட்டேன்" என்று போட்டார்.

"பாத்தீங்களா, இன்னும் நக்கலு!" என்று உடனே ஒருவர். "நிஜமாக் கேக்குறவன் எவன்யா நிஜமாக் கேக்குறேன்னு சொல்லுவான்?" என்று இன்னொருவர். அதற்கு எண்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

மத்தியானம் பக்கத்தின் உச்சியில் சாம்பல் நிறத்தில் ஒரு பூட்டுப் படம் ஏறியது. கீழே அறிவிப்பு: 'மேற்படி கேள்வி வகைப்பாட்டு ஆய்வில் உள்ளது. தீர்ப்பு வரும்வரை இதற்கு எவரும் பதிலளிக்கலாகாது. மீறுவோர் எச்சரிக்கப்படுவர். இப்படிக்கு, மெர்ல் ஃபென்ஸ்டர்மேக்கர், தலைமை நெறியாளர்.'

சரி, போனாவது போடுவோம் என்று தெரிந்த வீடுகளுக்கு வால்ட் போன் போட்டார்.

"வர்றதுக்கு ஆசைதான் வால்ட்டு," என்றார் பழைய பஸ் டிப்போ கூட்டாளி ஒருவர், "ஆனா நீ எங்களைக் கூப்பிட்டியா, வராதேன்னியான்னு இன்னும் தீர்ப்பு வரலியே."

"நான்தானே இப்ப பேசுறேன்! கூப்பிடுறேன், வா!"

"நீ அப்படித்தான் சொல்லுவே. சபை என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

இழுவை வண்டி ஓட்டுகிற மிட்ஸி ஸ்வோபோடா மட்டும் அவளே போன் செய்தாள். குரலிலேயே வண்டி இரைச்சல்.

"யோவ் வால்ட்டு! 'நான் வர்றேன், புள்ளைங்களையும் கூட்டிட்டு'ன்னு எழுதினேன். அழிச்சுட்டான். மறுபடி எழுதினேன். மறுபடி அழிச்சான். மூணாந்தரம் என்னையே வெளிய தள்ளிட்டான்யா அந்த மெர்லு! அவன் காரு பள்ளத்துல கெடந்தப்ப நான்தானே இழுத்து விட்டேன்?"

"ஆமா, நீதான்," என்றார் வால்ட்.

"அது எனக்குத் தெரியாதா!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

விசாரணை புதன்கிழமை, நூலகத்தின் பின்கட்டு அறையில். வால்ட் கோயிலுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு போனார், துணைக்கு ஜோசி. சுவர் ஓரம் வேடிக்கை பார்க்க ஒரு கும்பல். மேசைக்குப் பின்னால் மெர்ல் ஃபென்ஸ்டர்மேக்கர். இன்ஷூரன்ஸில் நஷ்ட ஈடு கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று எழுதும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பிரிவுக்கே திலகம் என்பார்கள். அவருக்கு வலப்பக்கம் டாக்டர் க்வென்டலின் ஆல்ட், தொனி ஆலோசகர். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, பெருமூச்சைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர்.

வால்ட் எழுந்து நின்றார். "ஐயா, ஒரு நிமிஷத்துல முடிச்சிடலாம். அந்தக் கேள்வியை நான்தான் கேட்டேன். எனக்குப் பதில் வேணும். அவ்வளவுதான்."

"உட்காருங்க திரு. ஹுடாக்," என்றார் மெர்ல். "கேட்டவரே சாட்சி சொல்ல முடியாது. உங்க கேள்வியில உங்களுக்கு சுயநலம் இருக்கு."

"சுயநலமா?"

"பதில் வேணும்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களே. குறிச்சுக்குங்க டாக்டர்."

டாக்டர் ஆல்ட் குறித்துக்கொண்டார். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு எழுந்தார்.

"நண்பர்களே, தான் என்ன கேட்டோம்ங்கிறது கேட்டவருக்குத் தெரியும்னு ஒரு பழைய மூடநம்பிக்கை உண்டு. என் பதினோரு வருஷ ஆராய்ச்சியில அப்படி ஒருத்தரைக்கூட நான் சந்திச்சதில்லை. ஒரு தடவை என் கணவர் 'சாப்பாடு இருக்கா?'ன்னு கேட்டார். ரெண்டு நாள் ஆராய்ஞ்சு, அது குற்றச்சாட்டுன்னு கண்டுபிடிச்சேன். அப்புறம் அவர் கேக்கவே இல்லை."

"இப்ப எங்க சாப்பிடுறாரு?" என்று ஜோசி சுவர் ஓரத்திலிருந்து கேட்டாள்.

"அவங்க அக்கா வீட்டில. இங்க கவனிங்க. 'இந்தப் பனியில்'னு தொடங்குது இந்தக் கேள்வி. பனியைச் சொன்னது ஏன்? எல்லார் கண்ணுக்கும் தெரியுற பனியை? அது தகவல் இல்லை. அது பெருமூச்சு."

வால்ட் கை தூக்கினார். "அம்மா, பனி கொட்டுதுன்னுதான் பனின்னு போட்டேன். அதுதான் தொந்தரவுன்னா எடுத்துடுறேன். வேற மாதிரி கேக்குறேனே. வர்றவங்க கை தூக்குங்கன்னு."

அறை அதிர்ந்தது. மெர்ல் மேசையைத் தட்டினார்.

"முதல் கேள்வி விசாரணையில இருக்கும்போது அதே விஷயத்தை மறுபடி கேக்குறது சபையை அவமதிக்கிறது! கையைத் தூக்கினவங்க எல்லாம் இறக்குங்க. ஏய், அந்தக் கடைசி ஆளு, இறக்குங்க!"

ஏழெட்டுக் கைகள் பாதி வழியில் நின்று இறங்கின. அந்தக் கைகளை எண்ணுவதற்குள் இறக்கிவிட்டார்களே!

"ஐயா, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நான் மீன்காரருக்குச் சொல்லியாகணும். இல்லேன்னா அடுப்பை மூடிடுவாங்க. அது மட்டும்தாங்க என் கவலை."

மெர்லின் முகம் கனிந்தது. இந்த மாதிரிக் கனிவோடுதான் அவர் இன்ஷூரன்ஸிலும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

"திரு. ஹுடாக், உங்க கவலை எனக்குப் புரியுது. ஆனா எங்க நிலைமையையும் பாருங்க. இந்தக் குழுமத்துல ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல கேள்வி வருது. ஒண்ணுக்குப் பதில் கெடைச்சா, அந்த ஆளு நன்றின்னு சொல்லிட்டுப் போயிடுறாரு. பேச்சு நின்னுடுது. பதில் கெடைக்காத கேள்விதான் மூணு வாரம் ஓடும், ஊரே கூடும். ஒன்பது வருஷமா ஒரு கேள்விக்கும் முடிவு தெரியாம கட்டுக்கோப்பா நடத்திட்டு வர்றோம். இதெல்லாம் வேணும்னே செய்யறோம்னு நெனைக்கிறீங்களா? நாங்கள்லாம் வேலைவெட்டி இல்லாதவங்களா?"

சுவர் ஓரம் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். வால்ட் மட்டும் மரியாதையாக எழுந்து நின்றார்.

"ஐயா, இது பதில் சொல்ல வேண்டிய கேள்வியா, வேண்டாத கேள்வியாங்க? தெரியாம வாயைத் திறந்து மறுபடி தப்பாயிடக் கூடாது பாருங்க."

உண்மையாகவே கேட்டார். டாக்டர் ஆல்ட் தலைவரைப் பார்த்தார், தலைவர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். விதி எல்லாருக்கும் ஒன்றுதானே.

"தலைவரோட கேள்வி... வகைப்பாட்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுது," என்றார் டாக்டர் ஆல்ட் மெல்ல. "தீர்ப்பு வரும்வரை அவருக்கு வேலைவெட்டி உண்டா இல்லையான்னு யாரும் பதில் சொல்லக் கூடாது."

சிரிப்பை அடக்க முடியாமல் ஜோசி வெளியே ஓடினாள். வால்ட்டுக்கு அவள் ஏன் ஓடினாள் என்றுகூடத் தெரியவில்லை.

தீர்ப்பு வியாழக்கிழமை விடிந்ததும் பக்கத்தில் வந்தது. அடுப்பங்கரையில் நின்றபடி ஜோசி உரக்கப் படித்தாள்.

"'இந்தப் பனியில்' என்பது பெருமூச்சு எனத் தீர்மானிக்கப்படுகிறது. 'வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட' என்பது தகவல். 'யார்' என்னும் சொல் குறித்து நெறியாளரிடையே ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. எனவே விருப்பமுள்ளோர் பதிலளிக்கலாம். ஆனால் கேள்வியின் தன்மை இறுதியாக முடிவாகும்வரை, அப்பதில்கள் கேட்டவர் கண்ணில் படாதவாறு மறைத்து வைக்கப்படும். இறுதி முடிவு ஈஸ்டருக்குப் பின்."

"ஈஸ்டருக்குப் பின்னாடி மீன் எதுக்கு ஜோசி?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்," என்றாள் ஜோசி. "நாப்பது பேர் பதில் எழுதியிருக்காங்கன்னு போட்டிருக்கான்யா. என்ன எழுதினாங்கன்னு மட்டும் காட்ட மாட்டானாம்."

வால்ட் எண்ணெய்ச் சட்டியைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். ஒரு வேளை இதுதான் கடைசித் தடவையோ என்று நினைத்தாரோ என்னவோ, துடைத்ததையே இன்னொரு தரம் துடைத்தார்.

அப்போது வெளியே மண்வெட்டி சாலையில் உரசுகிற சத்தம். இருவரும் படியேறிப் போய்ப் பார்த்தார்கள். கோயில் வாசலுக்கு நேர் எதிரே மிட்ஸி ஸ்வோபோடா இடுப்பளவுப் பனியை வாரி வாரி ஓரத்தில் எறிந்துகொண்டிருந்தாள். ஒரு கார் நிற்கிற அளவுக்கு இடம் பிறந்ததும், வண்டியிலிருந்து ஒரு சிவப்பு சமையலறை நாற்காலியை எடுத்து நடுவில் போட்டாள்.

"என்ன மிட்ஸி பண்றே?"

"கண்ணு தெரியலே? நாளைக்கு மீனு திங்க வர்றேன், வண்டிக்கு இடம் புடிக்கிறேன். எழுதினாத்தானே அழிப்பான்? இதை அழிக்கட்டும் பாப்போம்!"

நாற்காலி விஷயம் இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பனியை வாரினவன் அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டால், இடம் அவனுடையது. சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. ஆனால் சட்டத்தை மீறினவன் இங்கே தேர்தலில் ஜெயித்திருக்கிறான். நாற்காலியை நகர்த்தினவன் தெருவில் தலைகாட்டினதில்லை. வழக்கமாக அவரவர் வீட்டு வாசலில் போடுவார்கள். கோயில் தெருவில், அதுவும் முந்தின நாளே கொண்டுவந்து போட்டது மிட்ஸி ஒருத்திதான்.

எதிர் வீட்டுச் சன்னல் திரை விலகியது. மூடியது. கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுக்காரர் பைஜாமாவுக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு மண்வெட்டியும் மடக்கு நாற்காலியுமாக ஓடி வந்தார்.

"என்னங்க அவசரம்?" என்றாள் ஜோசி.

"கூட்டம் வருதாம்ல நாளைக்கு! அப்புறம் வண்டியை எங்க நிறுத்துறது?"

அவரைப் பார்த்து அடுத்த வீடு, அடுத்த வீட்டைப் பார்த்துக் கீழ்த்தெரு. ஒரு மணி நேரத்துக்குள் தெரு மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. ஸ்டூல், சாய்வு நாற்காலி, கடற்கரையில் போடுகிற கோடுபோட்ட நாற்காலி, பல் டாக்டர் வீட்டுச் சுழல் நாற்காலி, ஒரு வீட்டிலிருந்து குழந்தைக்குச் சோறூட்டும் உயர நாற்காலி. "குழந்தை எங்கே?" என்று கேட்டதற்கு, "அடுத்த மாசம்தான் பொறக்கும், இடம் இப்ப விட்டா கெடைக்குமா?" என்றான் அந்தத் தகப்பன். வரலாமா கூடாதா என்று மூன்று நாளாக யோசித்த ஊர், நிறுத்த இடம் கிடைக்காது என்றதும் ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. மனுஷ சுபாவம் அப்படி. நான் குறை சொல்லவில்லை.

எந்த நாற்காலி எந்த வீடு, அந்த வீட்டில் எத்தனை வாய், யாருக்கு யாரோடு சண்டை, யார் தனித்தனியாக வருவார்கள் என்பதெல்லாம் ஜோசிக்கு மனப்பாடம். அவள் ஒவ்வொரு நாற்காலியாகச் சொல்லிக்கொண்டே நடந்தாள், வால்ட் பக்கத்திலேயே நடந்தார். அவர் முகத்தில் புதன்கிழமையிலிருந்து காணாமல் போயிருந்த நிறம் ஏறிக்கொண்டிருந்தது.

தெருக்கோடியில் மெர்ல் வந்துகொண்டிருந்தார். யாரோ சேதி சொல்லியிருக்க வேண்டும்.

"இதென்ன? அனுமதி இல்லாத பதில்கள்! எல்லாத்தையும் அப்புறப்படுத்தணும்!" என்று சிவப்பு நாற்காலிமேல் கை நீட்டினார்.

மிட்ஸி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சும்மா பார்த்தாள். தெருவே பார்த்தது. மெர்லின் கை நாற்காலி முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது. என்ன இருந்தாலும் அவரும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்தானே. கை வரவில்லை அவருக்கு.

"இது விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படுது," என்று நாற்காலியிடம் சொல்லிவிட்டு, வந்த வழியே போனார்.

மத்தியானம் லென்னி போன் செய்தான். "எவ்வளவுய்யா வேணும்?"

"வண்டியில எவ்வளவு ஏறுமோ அவ்வளவு கொண்டா," என்றார் வால்ட்.

வெள்ளிக்கிழமை பனி நிற்கவில்லை. கூட்டமும் நிற்கவில்லை. கீழ்த்தளம் நிறைந்து வரிசை படியேறி வாசலைத் தாண்டித் தெருவில் வளைந்தது. எண்ணெய்ச் சட்டி பொங்க, பியரோகித் தட்டுகள் பறக்க, ஃபாதர் ப்ரெண்டன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தட்டுக் கழுவினார். "வால்ட்டு எங்க? வால்ட்டு, இங்க மீனு தீந்துபோச்சு! வால்ட்டு!" என்று நாலு பக்கமும் குரல்.

கடைசியில், கடைசித் தட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மெர்ல் வந்து நின்றார். நாற்காலி போடாததால் மேட்டை மூன்று சுற்று சுற்றி, அடிவாரத்தில் வண்டியை விட்டுவிட்டு ஏறி வந்திருக்கிறார், புருவத்தில் பனி. மீன் வாசனையில் அவர் தொண்டை ஏறி இறங்குவதை வால்ட் பார்த்தார்.

"வாங்க, குளுந்துபோயிருக்கீங்க," என்றார். "ஒரு துண்டா, ரெண்டாங்க?"

மெர்ல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "திரு. ஹுடாக், இதை நாம எப்படி எடுத்துக்கணும்னு முதல்ல..." என்று ஆரம்பித்தார்.

"யோவ் மெர்லு!" என்று பின்னாலிருந்து மிட்ஸி. "பின்னாடி புள்ளைங்க பசியோட நிக்குது. வாயில சொல்லு!"

மெர்ல் சட்டியைப் பார்த்தார். சட்டியில் மீன் பொன்னிறமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷம் ஒரு கேள்விக்கும் முடிவு தெரியவிடாத மனுஷர், தட்டை ரெண்டு கையாலும் நீட்டினார்.

"ரெண்டு," என்றார். அப்புறம் சின்னக் குரலில், "கொஞ்சம் எலுமிச்சம்பழமும்."